திண்டுக்கல் இடைத்தேர்தலும் தெருமுனை மன்றங்களும்

திண்டுக்கல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. கொஞ்சம் அரசியல் பேசுகிறவர்களிடம் கேட்டால் நாலாவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்... 1973 இடைத்தேர்தல்! எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஏழே மாதத்தில், ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு ஜெயித்த தேர்தல். இரட்டை இலை முதன்முதலாக ஓட்டுச்சீட்டில் ஏறிய தேர்தல்.

இந்தத் தேர்தலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் எம்.ஜி.ஆரின் முகத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். அந்த முகத்தைச் சுவரில் ஒட்டியவர்கள் யார்? பசைவாளி யார் காசில் வந்தது? ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர்கள் எங்கே கூடினார்கள்? இதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அவர்கள் கூடியது தெருமுனையில் இருந்த ஒரு கீற்றுக்கொட்டகையில். வாசலில் ஒரு பெயர்ப்பலகை, உள்ளே ஒரு பெஞ்சு, இரண்டு பேப்பர், ஒரு சந்தா நோட்டு. அதற்குப் பெயர் மன்றம்.

மன்றம் என்பது இன்று நேற்று வந்த சொல் அல்ல. சங்க இலக்கியத்தில் மன்றம் என்றால் ஊருக்கு நடுவே மரத்தடியில் எல்லோரும் கூடுகிற பொதுவிடம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் (கி.பி. 919, 921) ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறை பற்றி நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது பிராமணர் ஊரின் சபை, நிலமும் சொந்த வீடும் உள்ளவர்களுக்கு மட்டும் என்பதைப் பாடப்புத்தகம் மெதுவாகத்தான் சொல்லும். மற்ற ஊர்களிலும் தெருக்களிலும் ஜனங்களைக் கூட்டியது கோயில் திருவிழா. திண்டுக்கல்லில் கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா. திருவிழா என்றால் மண்டகப்படி. இன்ன நாள் இன்ன சமூகத்தார், இன்ன தொழில்காரர் என்று முறை. வரி போட்டு வசூலித்து, பந்தல் போட்டு, கணக்குப் பார்த்துப் பிரிவார்கள். கூடிவேலை செய்யும் பழக்கம் அங்கே இருந்தது, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் அவரவர் சாதிக்குள்.

இருபதாம் நூற்றாண்டில் புதிதாக வந்தது என்ன? சாதிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லாமல், பத்துப் பதினைந்து வாலிபர்கள் சந்தா கட்டி ஒரு சங்கம் வைப்பது. இதைத் தெருவுக்குத் தெரு பரப்பியது திராவிட இயக்கத்தின் படிப்பகம்.

1949 செப்டம்பர் 17ல் தி.மு.க. பிறந்தபோது அதனிடம் பணம் இல்லை, பத்திரிகைகள் இருந்தன. அண்ணாவின் 'திராவிட நாடு', கருணாநிதியின் 'முரசொலி', பின்னால் கண்ணதாசனின் 'தென்றல்', நெடுஞ்செழியனின் 'மன்றம்'. (ஆமாம், பத்திரிகைக்கே பெயர் மன்றம்தான்.) வாங்கிப் படிக்க எல்லோரிடமும் காசு இல்லை, பலருக்கு எழுத்தும் தெரியாது. அதனால் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எல்லாம் இப்படித்தான் படிப்பகம் ஆயின. 1942ல் மதுரையில் ஆதித்தனார் ஆரம்பித்த 'தினத்தந்தி'யும் இதே கூட்டத்தை நம்பித்தான் எளிய தமிழில் வந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தனிக் கொட்டகை. திருவள்ளுவர், பாரதிதாசன், அண்ணா என்று யாராவது ஒருவர் பெயர் பலகையில் ஏறும். காலையில் பேப்பர் பார்க்க வருகிறவர் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மளிகைக்கடைக்காரரும் வருவார், மேஸ்திரியும் வருவார். மனு எழுதத் தெரிந்த பையன் ஒருவன் அங்கே இருந்தால் தெருவுக்கே அவன்தான் வக்கீல்!

திண்டுக்கல்லுக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை. தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று வேலை செய்தவர்கள், சுருட்டு சுற்றியவர்கள், பட்டறையில் உட்கார்ந்து பூட்டுக்கு அரம் தேய்த்தவர்கள், நாகல் நகரிலும் சின்னாளபட்டியிலும் தறியில் உட்கார்ந்தவர்கள் என்று கைவேலைக்காரர்கள் நிறைந்த ஊர். தோல் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.பாலசுப்பிரமணியம் போன்றவர்களால் சந்தா, ரசீது, தீர்மானம் என்ற சொற்கள் அங்கே ஏற்கெனவே பழகியிருந்தன. தொழிற்சங்கம் வேலை செய்யும் இடத்தில் ஆட்களைச் சேர்த்தது. குடியிருக்கும் இடத்தில் சேர்ப்பதற்குத்தான் ஒன்று தேவைப்பட்டது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது சினிமா.

ரசிகர் மன்றம் என்றதும் கட்அவுட்டும் சூடமும் நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு படம் வருஷத்தில் சில நாட்கள்தான். மீதி நாட்களில் மன்றம் என்ன செய்தது? சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டும் பென்சிலும் கொடுத்தது. குடிசை தீப்பிடித்தால் முதலில் குடத்தோடு ஓடியவர்கள் மன்றத்துப் பையன்கள்தான். தெருவில் சாவு விழுந்தால் பாடை கட்டவும், கல்யாணம் என்றால் பந்தி பரிமாறவும் அவர்களேதான். 1980களில் மதுரையில் தங்கி மன்றங்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, இந்தச் சமூக சேவையை மன்றத்தின் ஓரச் சங்கதியாகப் பார்க்கவில்லை. ஏழை வாலிபன் ஒருவன் தன் தெருவில் நாலு பேர் மதிக்கிற ஆளாவதற்கு இருந்த வழி என்று பார்த்தார். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற இன்னொரு அமெரிக்கர் தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேராசிரியர்கள் பலரும் கவனிக்காத கீற்றுக்கொட்டகையை அவர்கள் விமானம் ஏறி வந்து பார்த்தார்கள் என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

மன்றத்துக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு. பொருளாளர்தான் பாவம். மாதச் சந்தா சில்லறைக் காசு. நீர்மோர்ப் பந்தலுக்குத் தயிர் எவ்வளவு, எலுமிச்சம்பழம் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். காசு போட்டவன் எதிர் வீட்டுக்காரன். கணக்கு இடித்தால் மறுநாள் காலையில் குழாயடியில் மானம் போகும். தெருவின் காசு, தெருவின் கணக்கு. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் இருந்தன. மன்றத்துப் படியைப் பெண்கள் மிதிப்பதில்லை. தெருவே சாதிவாரியாக இருக்கும்போது தெரு மன்றமும் பாதி நேரம் சாதி மன்றமாகத்தான் இருந்தது. ஒரே தெருவில் சிவாஜி மன்றமும் இருந்துவிட்டால் படம் ரிலீசாகும் அன்று மண்டை உடையும். எம்.ஜி.ஆர். மன்றம் தி.மு.க. பக்கம், சிவாஜி மன்றம் காமராஜர் பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

1967ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. தேர்தலுக்கு முந்தைய மாதம், ஜனவரி 12 அன்று, எம்.ஆர்.ராதா சுட்டதில் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த எம்.ஜி.ஆர். கட்டுப்போட்ட கழுத்தோடு இருக்கும் படம் தமிழ்நாடு முழுக்கச் சுவரில் ஒட்டப்பட்டது. ஓட்டியது கட்சிக் கிளை பாதி, மன்றம் பாதி. ஆட்சி வந்தபின் கிளையில் இருந்தவர்களுக்குப் பதவி வந்தது. மன்றத்தில் இருந்தவர்களுக்குப் புதுப் படம் வந்தது!

இந்த உரசல் பெரிதாகிக்கொண்டே போனது. 1972ல் கருணாநிதியின் மகன் மு.க.முத்து 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் கதாநாயகன் ஆனார். அவர் பெயரிலும் மன்றங்கள் கிளம்பின. எம்.ஜி.ஆர். மன்றங்களைப் பெயர் மாற்றச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று எம்.ஜி.ஆர். ரசிகர்கள் புகார் சொன்னார்கள். வெளியே இருந்து பார்த்தால் அற்பமான பலகைச் சண்டை. ஆனால் அந்தப் பலகைக்குப் பெயின்ட் அடித்தவனுக்கு அது தன் வீட்டு வாசல்.

அந்த வருஷம் அக்டோபர் 8ஆம் தேதி திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் எம்.ஜி.ஆர். கட்சிப் பொறுப்பாளர்களின் சொத்துக்குக் கணக்குக் கேட்டார். ஒரு வாரத்துக்குள் கட்சியை விட்டு நீக்கப்பட்டார். அக்டோபர் 17ல் அண்ணா தி.மு.க. பிறந்தது. கணக்குக் கேட்டதற்காக வெளியே அனுப்பினார்கள் என்ற ஒரு வரிச் செய்தி தெருமுனையில் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது? தயிருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் கணக்குச் சொல்லிப் பழகிய கூட்டம் அது. பெரிய இடத்திலும் அதைத்தானே கேட்கிறார், இதில் என்ன தப்பு என்று அவர்களுக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் திண்டுக்கல் எம்.பி.யாக இருந்த தி.மு.க.வின் ராஜாங்கம் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. திண்டுக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை, மதுரை மாவட்டத்தில் இருந்தது (தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15ல்). புதுக்கட்சிக்கு ஆள் இருந்தது, அமைப்பு இல்லை. வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர், அலுவலகம், பூத்தில் உட்கார ஆள்... ஒரு கட்சி இதையெல்லாம் கட்ட வருஷக்கணக்கில் ஆகும்.

ஆனால் இங்கே எல்லாம் தயாராக இருந்தன, வேறு பெயரில். மன்றத் தலைவர் கிளைத் தலைவர் ஆனார். செயலாளர் செயலாளராகவே இருந்தார். கொட்டகை தேர்தல் அலுவலகம் ஆனது. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்தக் கிழவியைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும், யார் வெளியூரில் வேலை செய்கிறார் என்பதெல்லாம் கல்யாணப் பந்தியிலும் சாவு வீட்டிலும் வேலை செய்தவனுக்குத் தெரியாதா? வாக்காளர் பட்டியல் அவன் தலைக்குள்ளேயே இருந்தது.

சின்னம் வேட்பாளர் மாயத்தேவர் தேர்ந்தெடுத்தது. வக்கீலான அவர், தேர்தல் அதிகாரியிடம் இருந்த சின்னங்களில் இரட்டை இலையை எடுத்தார். சுவரில் கரித்துண்டால் ஒரு சின்னப் பையன்கூட வரைந்துவிடக்கூடிய சின்னம். பெயின்டர் கூலி மிச்சம்!

ஓட்டுப்பதிவு மே 20. அதற்கு ஒன்பது நாள் முன்னால், மே 11 அன்று, 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. ஜப்பானில் எக்ஸ்போ 70 கண்காட்சியில் எல்லாம் எடுத்த படம். இந்தப் படம் வெளியே வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகவும், ரசிகர்கள் அவருக்குத் தபாலில் சேலை அனுப்பியதாகவும் மதுரைப் பக்கம் இன்றும் கதை சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, பிற்பாடு அவரே எம்.ஜி.ஆர். கட்சியில் சேர்ந்தது நிஜம். தியேட்டர் வாசலில் கூடிய கூட்டம் அப்படியே ஓட்டுக் கேட்கப் போனது. படத்துக்குச் செய்த ஏற்பாடும் தேர்தலுக்குச் செய்த ஏற்பாடும் ஒன்றாகிப்போன ஒன்பது நாட்கள் அவை.

மாயத்தேவர் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவது வந்தவர் காமராஜரின் பழைய காங்கிரஸ் வேட்பாளர் என்.எஸ்.வி.சித்தன். ஆளுங்கட்சியின் பொன்.முத்துராமலிங்கம் மூன்றாவது. டெல்லியில் ஆண்டுகொண்டிருந்த இந்திரா காங்கிரசுக்கு நாலாம் இடம். முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவை எந்தக் கட்சிகள் என்று பாருங்கள். ஒன்றின் பின்னால் எம்.ஜி.ஆர். மன்றம், இன்னொன்றின் பின்னால் சிவாஜி மன்றம். சென்னைக் கோட்டையிலும் டெல்லியிலும் ஆட்சியில் இருந்தவர்கள் மூன்றும் நாலும்.

உடனே மன்றம்தான் ஜெயித்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. 1971ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்துக் கள், சாராயக் கடைகளைத் திறந்ததில் பெண்களுக்குக் கடுங்கோபம் இருந்தது. அரிசி விலை ஏறியிருந்தது. மாயத்தேவரின் சாதி ஓட்டும் ஒரு கணக்கு. (மதுவிலக்கு 1974ல் திரும்ப வந்தது. திண்டுக்கல் அடிக்கு அதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.) ஆனால் கோபம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறது. அதை ஓட்டுச்சாவடி வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். திண்டுக்கல்லில் ஆள் இருந்தது, அந்த ஆள் ஏற்கெனவே அந்தத் தெருவுக்கு உழைத்துப் பெயர் வாங்கியிருந்தான்.

ஜெயித்த பிறகு மன்றத்துக்கு என்ன ஆனது என்பதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1977 ஜூனில் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இப்போது மன்றத்துக்காரன் ஆளுங்கட்சிக்காரன். தெருவிளக்கு எரியவில்லையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரேஷன் கார்டு வேண்டுமா, மன்றத்தைப் பிடி. இதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. திண்டுக்கல் 1866லேயே நகராட்சியான ஊர். ஆனால் தமிழ்நாட்டில் நகராட்சிகளுக்கு 1969க்குப் பின் அடுத்த தேர்தல் நடந்தது 1986ல்தான். அதற்கடுத்தது 1996ல்! இடையில் பெரும்பாலான காலம் அதிகாரிகள் நிர்வாகம். பதினேழு வருஷம் தேர்தலே காணாத வார்டில் ஜனங்கள் யாரிடம் போவார்கள்? கட்சிப் பலகை தொங்கிய கொட்டகைக்குப் போனார்கள். உள்ளூர் ஜனநாயகம் இருக்க வேண்டிய இடத்தில் மன்றம் நின்றது.

நின்றது சரி, அப்போதே அது மாறிப்போயிருந்தது. முன்பு காசு தெருவிலிருந்து வந்தது, வேலை தெருவுக்கு நடந்தது. இப்போது காசு மேலேயிருந்து வந்தது. மேலேயிருந்து வரும் காசுக்குத் தெருவில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, கொடுத்தவரிடம் காட்டினால் போதும். நீர்மோர்ப் பந்தல் அப்போதும் போட்டார்கள், இன்னும் பெரிதாகவே போட்டார்கள். ஆனால் பந்தலில் மாவட்டம், ஒன்றியம் என்று வரிசையாகப் படங்கள் ஏறின. மோரில் எலுமிச்சம்பழம் குறைந்ததா என்று கேட்க எதிர் வீட்டுக்காரனுக்கு உரிமை போய்விட்டது, அவன் காசு போடவில்லையே. கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி வந்ததும் கணக்கு நோட்டு மறைந்தது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை, அல்லது வேதனை. அ.தி.மு.க.வுக்கு மட்டும் நேர்ந்தது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். படிப்பகங்களுக்கு 1967க்குப் பிறகு நடந்ததும் இதுதான்.

கொடிக்கம்பம் நட்ட கொட்டகைக்குள் மாற்றுக்கட்சிக்காரர் பேப்பர் படிக்க வருவாரா? வரமாட்டார். தெருவுக்குப் பொதுவாக இருந்த பெஞ்சு பாதித் தெருவின் பெஞ்சாயிற்று. 1987 டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். மறைந்தபின் அந்தப் பாதியும் இரண்டானது. இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஒரே மன்றத்தில் இருபது வருஷம் ஒன்றாகப் பசை காய்ச்சியவர்கள் எதிரெதிராக நின்றார்கள். கொட்டகை யாருக்கு என்ற சண்டையில் பூட்டுத்தான் மிஞ்சியது, திண்டுக்கல் பக்கம் பூட்டுக்கா பஞ்சம்! இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்த மாயத்தேவரோ அதற்கெல்லாம் முன்பே, 1980லேயே, அதே திண்டுக்கல்லில் தி.மு.க. வேட்பாளராக நின்று ஜெயித்துவிட்டார்.

பின்னால் வந்த நடிகர்களின் மன்றங்களும் கிட்டத்தட்ட இதே தடத்தில்தான் போயின. கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றி ரத்ததானம், கண்தானம் என்று திருப்பிவிட்டார், 2018ல் அவரும் கட்சி ஆரம்பித்தார். விஜய் மக்கள் இயக்கத்தினர் 2021ல் ஒன்பது மாவட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஜெயித்தார்கள், 2024 பிப்ரவரியில் அதுவும் கட்சியானது. 1973 திண்டுக்கல் கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அரசாங்கமும் தன் பங்குக்கு 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்களை ஆரம்பித்தது. (திண்டுக்கல் 2014 முதல் மாநகராட்சி, 48 வார்டு.) நல்ல காரியம்தான். ஆனால் அதில் பகுதிப் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறவர்கள், தெரு தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல.

மன்றத்துப் படியைப் பெண்கள் மிதித்ததில்லை என்று பார்த்தோம். 1990களின் கடைசியில் மகளிர் திட்டம் வந்தபோது, திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலும் தெருவுக்குத் தெரு சுயஉதவிக் குழுக்கள் முளைத்தன. பன்னிரண்டு முதல் இருபது பேர், பழைய மன்றத்தில் இருந்த அதே எண்ணிக்கை. ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்புகள். கொட்டகை கிடையாது, யார் வீட்டுத் திண்ணையாவது போதும். வாரச் சேமிப்பு அவரவர் கையிலிருந்து வருகிறது. யார் எவ்வளவு கட்டினார், யாருக்குக் கடன் போனது, யார் பாக்கி என்று தீர்மான நோட்டில் எழுதி, கூட்டம் கலைவதற்கு முன் எழுத்துத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிப்பாள். மற்றவர்கள் கேட்பார்கள். கணக்கு இடித்தால் அங்கேயே சண்டை.